போன்ல பேசுற குரல் வீட்டுக்கும் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில ஒரு அம்மா எழுதியிருந்தாங்க, கிறிஸ்தவ வீடுகள்ல குடும்ப ஜெபம் கொறஞ்சிட்டே வருது, பிள்ளைங்க கைக்கு போன் வந்ததுதான் காரணம்னு. அவங்க வேதனை எனக்கு நல்லா புரியுது. போன் ஒரு காரணம்ங்கிறதும் உண்மைதான். ஆனா பிள்ளைங்களையே குத்தம் சொல்லிட்டு பெத்தவங்க நாம, அதுலயும் முக்கியமா அப்பாமாருங்க, தப்பிச்சிரக்கூடாதுன்னு மனசுல பட்டுச்சு, அதான் இத எழுதுறேன்.

எனக்கு கல்யாணம் ஆகி 19 வருஷம். அன்னிலேர்ந்து ராத்திரி எட்டரை மணிக்கு எங்க வீட்ல குடும்ப ஜெபம் நின்னதே இல்ல, காய்ச்சல்னாலும் உண்டு, விருந்தாளி வந்திருந்தாலும் அவங்களையும் சேர்த்து உக்கார வெச்சு உண்டு. ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், சங்கீதம், அப்புறம் ஆளுக்கொரு ஜெபம். சபையில யாராவது கேட்டா பெருமையா சொல்லுவேன். அந்த பெருமையெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரே ராத்திரியில போச்சு.

அன்னிக்கு சாயங்காலம் ஆபீஸ் பேப்பர் ஒண்ண காணோம். நான் வீட்டையே ரெண்டாக்கிட்டேன். என் மனைவி அலமாரிய ஒழுங்கு பண்ணினப்போ எங்கயோ தூக்கி வெச்சிட்டான்னு முடிவே பண்ணிட்டு, பிள்ளைங்க முன்னாடி வெச்சே கத்துனேன், உனக்கு எதுக்குத்தான் பொறுப்பு இருக்குன்னு கேட்டேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதெல்லாம் இங்க எழுத மனசு வரல. நடுவுல போன் அடிச்சிது. சபையில ஒரு பிரதர், அவர் தம்பிக்கு உடம்பு சரியில்ல, ஜெபம் பண்ணணும்னாரு. "ஸ்தோத்திரம் பிரதர், சொல்லுங்க பிரதர்"னு நான் அவ்ளோ மெதுவா, அவ்ளோ அன்பா பேசி, போன்லயே ஜெபமும் பண்ணி முடிச்சேன். போன வெச்சதும் விட்ட எடத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிச்சேன். அப்புறம் பார்த்தா அந்த பேப்பர் என் பேக்லயே இருந்துச்சு, நான் வெச்சதுதான். அத நான் யார்கிட்டயும் சொல்லல.

எட்டரைக்கு ஜெபத்துக்கு உக்காந்தோம். என் மனைவி ஈரக்கைய சேலையில தொடச்சிக்கிட்டே வந்து உக்காந்தா, மூஞ்சிய நிமிர்த்தவே இல்ல. சின்னவளுக்கு அப்போ ஏழு வயசு, கட்டில் ஓரத்துல முட்டிபோட்டு, தாடைய மெத்தை மேல வெச்சிக்கிட்டு, கண்ண இறுக்க மூடிக்கிட்டு ஜெபம் பண்ணா. டீச்சருக்காக, பாட்டிக்காக, கூட படிக்கிற பிள்ளைக்காக, எப்பவும் சொல்றதுதான். கடைசியில, "ஆண்டவரே, அப்பா போன்ல பிரதர்ங்ககிட்ட பேசுற குரல் இருக்குல்ல, அந்த குரல் அம்மாவுக்கும் வேணும், ஆமென்"னா.

யாரும் ஆமென் சொல்லல. நான் பழக்க தோஷத்துல "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு ஆரம்பிச்சிட்டேன், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல"ங்கிற எடம் வந்ததும் சத்தம் வரல. என் மனைவிதான் மிச்சத்த சொல்லி முடிச்சா.

அன்னிக்கே மன்னிப்பு கேட்டிருந்தா எழுத நல்லாருக்கும். கேக்கல. மூணு நாள் ஆச்சு. "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது"ன்னு எபேசியர் 4:26 எனக்கு மனப்பாடம், அதுல நானே பிரசங்கம்கூட பண்ணியிருக்கேன், ஆனா மூணு தடவ சூரியன் மறைஞ்சும் என் வாய் தெறக்கல. அந்த மூணு நாளும் ஜெபம் மட்டும் நடந்துச்சு! அதுதான் இன்னிக்கும் என்னை உறுத்துது.

மூணாம் நாள் ராத்திரி நான் வேதத்த தெறக்கல. பிள்ளைங்க முன்னாடி கத்துனதால பிள்ளைங்க முன்னாடியே சொல்லணும்னு, "அந்த பேப்பர் என் பேக்லதான் இருந்துச்சு, நான்தான் வெச்சேன், உன்மேல கத்துனது தப்பு, அது தெரிஞ்சும் சொல்லாம இருந்தது அதவிட தப்பு, என்னை மன்னிச்சிரு"ன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டா. "பேப்பருக்கு மட்டும்தானா?" அதுக்கு பதில் சொல்லி முடிக்க நடுராத்திரி ஆயிருச்சு, பிள்ளைங்க அங்கங்க தூங்கிருச்சுங்க. 19 வருஷத்துல எங்க வீட்ல நடந்த உண்மையான குடும்ப ஜெபம் அதுதான்னு நான் நம்புறேன்.

அதுக்கப்புறம்தான் சில வசனங்கள மறுபடி படிச்சு பார்த்தேன். 1 பேதுரு 3:7 கல்யாண ஆராதனையிலெல்லாம் வாசிக்கிறதுதான், மனைவிக்கு செய்யவேண்டிய கனத்த செய்யுங்கன்னு புருஷன்மாருக்கு சொல்றது. ஏன்னு காரணமும் அதே வசனத்துல இருக்கு, "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு"ன்னு. அதாவது மனைவிய மதிக்காத புருஷனோட ஜெபத்துக்கே தடை வரும். நாம ஜெபம் கேக்கப்படலன்னா உபவாசம் போடுறோம், முழு இரவு ஜெபத்துக்கு போறோம், ஊழியக்காரங்கள தேடிப் போய் கேக்குறோம், வீட்ல பக்கத்துல படுத்திருக்கிற ஆள்கிட்ட கேக்கறதில்ல.

மத்தேயு 5:23, 24ம் அப்படித்தான். காணிக்கை செலுத்த வந்த எடத்துல, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" ஞாபகம் வந்தா, காணிக்கைய அங்கயே வெச்சிட்டுப் போய் மொதல்ல ஒப்புரவாகுன்னு ஆண்டவர் சொல்றாரு. நான் ரொம்ப நாளா இத மாத்தி புரிஞ்சு வெச்சிருந்தேன், எனக்கு யார்மேலயாவது கோவம் இருந்தா விட்டுரணும்னு. வசனம் சொல்றது என்மேல இன்னொருத்தருக்கு குறை இருந்தா நான் எழுந்து போகணும்னு. ஆராதனைய நடுவுல நிறுத்திட்டு போன்னு ஆண்டவரே சொல்றப்போ, எட்டரை மணி ஜெபத்த ஒரு நாள் தள்ளி வெச்சா ஒண்ணும் கொறஞ்சிராது.

பிள்ளை வளர்ப்புன்னு வந்தா நம்ம அப்பாமாருக்கு நீதிமொழிகள் 13:24 தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் வரும், "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்". கொலோசெயர் 3:21 எத்தனை பேருக்கு வரும்? "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்." திடனற்றுப்போறதுன்னா என்னன்னு எனக்கு என் பெரியவன பார்த்துதான் புரிஞ்சுது, அவனுக்கு இப்ப 16 வயசு. கோவப்படுற பிள்ளை பரவால்ல, எதிர்த்தாவது பேசும். திடன் போன பிள்ளை பேசவே பேசாது, சரிப்பா சரிப்பான்னுட்டு ரூமுக்குள்ள போயிரும். பிள்ளைங்கள கண்டிக்காம விட்டதுக்காக ஏலிங்கிற ஆசாரியர் நியாயந்தீர்க்கப்பட்டார்ங்கிறதும் வேதத்துலதான் இருக்கு, நான் மறுக்கல, கண்டிப்பு வேணும். ஆனா கண்டிக்கிறவன் தப்பு பண்ணா அவன் என்ன செய்வான்னு பிள்ளை பார்த்துக்கிட்டே இருக்கு.

இன்னொண்ணு சொல்லணும், இது அம்மாக்களுக்காக. இயேசு வீட்டுக்கு வந்தப்போ உக்காந்து கேட்ட மரியாள மாதிரி ஆண்டவர் பாதத்துல உக்காருங்க, அவ சகோதரி மார்த்தாள மாதிரி வேலை வேலைன்னு அலையாதீங்கன்னு பெண்கள் கூட்டத்துல எல்லாம் சொல்றாங்க. உக்காரலாம், அந்த வேலைய யார் செய்யறது? எங்க வீட்ல ஜெபம் முடிஞ்சு நாங்க எல்லாரும் படுத்த பிறகு என் மனைவி ஒரு மணி நேரம் அடுப்படியில நிப்பா, காலையில எல்லாருக்கும் முன்னாடி எழுந்திருப்பா, அதுக்கு நடுவுல அவ தனி ஜெபம் பண்றதில்லன்னு குறை சொன்னவனும் நான்தான். யோவான் 11:5 படிச்சு பாருங்க, "இயேசு மார்த்தாளிடத்திலும் அவளுடைய சகோதரியினிடத்திலும் லாசருவினிடத்திலும் அன்பாயிருந்தார்"னு இருக்கு, மார்த்தாள் பேருதான் மொதல்ல. நீர் கிறிஸ்து, தேவகுமாரன்னு அதே அதிகாரத்துல விசுவாச அறிக்கை செஞ்சதும் அவதான், 27ம் வசனம். பதினேழாம் நூற்றாண்டுல பாரிஸ்ல சகோதரர் லாரன்ஸ்னு ஒரு துறவி, மடத்து சமையல்கட்டுல வருஷக்கணக்கா வேலை பார்த்தவர், ஜெபநேரத்துல எப்படியோ அப்படியே பாத்திரங்களுக்கு நடுவுலயும் தேவ பிரசன்னத்த உணர்ந்து வாழ்ந்தவர்னு அவர இன்னிக்கும் எல்லா சபைக்காரங்களும் நினைக்கிறாங்க. இப்ப ராத்திரி பாத்திரம் நானும் பெரியவனும்தான் கழுவுறோம். என் மனைவி அந்த நேரத்துல அவ வேதத்த எடுத்துட்டு தனியா உக்காருறா. இத சாதனையா சொல்லல, 17 வருஷம் லேட்டா செஞ்சிருக்கேன்.

ஒரு விஷயத்துல மட்டும் யாரும் என்னை தப்பா எடுத்துக்கக்கூடாது. மன்னிப்பு மன்னிப்புன்னு நான் எழுதுறத, அடி வாங்கிட்டு இருக்கிற ஒரு மனைவிகிட்டயோ பிள்ளைகிட்டயோ கொண்டுபோய் "பொறுத்துக்கோ, ஜெபம் பண்ணு, மாறிருவாரு"ன்னு சொல்லிராதீங்க. மன்னிக்கிறது வேற, அடிக்கிற கை எட்டுற தூரத்துலயே நிக்கிறது வேற. அப்படி ஒரு வீடு சபைக்கு தெரிஞ்சா சபை மொதல்ல அந்த பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு தேடணும், சட்டத்தோட உதவிய நாடணும்னாலும் கூட நிக்கணும். குடும்ப மானம் போயிரும்னு மூடி வைக்கிறதுல ஆண்டவருக்கு மகிமை இல்ல.

ஜெபத்துக்கு வர மாட்டேங்கிற பிள்ளைங்கள பத்தியும் அந்த அம்மா கேட்டிருந்தாங்க. என் பெரியவனும் வர்றதில்ல, ஒரு வருஷமா. மொதல்ல கட்டாயப்படுத்துனேன், உக்காந்தான், ஆனா வேற எங்கயோ இருந்தான். பின்னால பெரிய பிஷப்பான அகஸ்டினோட அம்மா மோனிக்கா கதை நமக்கு தெரியும், விசுவாசத்த விட்டு விலகிப்போன மகனோட வாதாடுங்கன்னு ஒரு பிஷப்கிட்ட போய் கெஞ்சினாங்க, அவரோ இப்ப பேசி பிரயோஜனமில்ல, அவன விட்டுருங்க, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணுங்கன்னு அனுப்பிட்டாரு. வருஷங்கள் ஓடி 387ல மிலான்ல அம்புரோஸ்ங்கிற பிஷப் கையால அகஸ்டின் ஞானஸ்நானம் வாங்கினாரு, அதே வருஷம் அந்த அம்மா இறந்துபோனாங்க. நான் அடிக்கடி நினைக்கிறது அந்த நடுவுல உள்ள வருஷங்களத்தான். அந்த அம்மா எத்தனை ராத்திரி தூங்காம இருந்திருப்பாங்க!

மெதடிஸ்ட் சபைய ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியோட அம்மா சூசன்னா 19 பிள்ளை பெத்தவங்க, அதுல ஒன்பது பச்சைக்குழந்தையிலயே இறந்துபோச்சு. அவ்ளோ கஷ்டத்துலயும் வாரத்துல ஒவ்வொரு ராத்திரியும் ஒவ்வொரு பிள்ளைக்குன்னு ஒதுக்கி தனியா உக்காந்து பேசுவாங்களாம். ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து பெரியாளான பிறகும் அந்த வியாழக்கிழமை நேரத்த கேட்டு அவர் அம்மாவுக்கு எழுதியிருக்காரு. இத படிச்சப்போ எனக்கு வெக்கமா இருந்துச்சு, எனக்கு ரெண்டே ரெண்டு பிள்ளைங்கதான்.

உபாகமம் 6:7ல பிள்ளைங்களுக்கு எப்பெப்போ பேசணும்னு சொல்றாரு பாருங்க, வீட்ல உக்காந்திருக்கிறப்போ, வழியில நடக்கிறப்போ, படுக்கிறப்போ, எழுந்திருக்கிறப்போ. நான் உக்காந்திருக்கிறத மட்டும் பிடிச்சிக்கிட்டேன். அதுக்கு முந்தின வசனம், இந்த வார்த்தைகள் மொதல்ல "உன் இருதயத்தில் இருக்கக்கடவது"ங்கிறத சுத்தமா தாண்டி போயிட்டேன். அதனால இப்ப சனிக்கிழமை சாயங்காலம் நானும் பெரியவனும் நடக்கப் போறோம். நானா வேதத்த பத்தி பேச்செடுக்க மாட்டேன், அது எனக்கு ரொம்ப கஷ்டம், ஆனாலும் எடுக்கறதில்ல. மொத ரெண்டு மாசம் பாதி தூரம் பேச்சே இருக்காது. எட்டரை ஜெபம் இப்பவும் உண்டு, பத்து நிமிஷம்தான், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இன்னிக்கு யாருக்காவது யார்மேலயாவது வருத்தம் இருக்கான்னு சின்னவதான் கேப்பா. சில நாள் அதுலயே பத்து நிமிஷமும் போயிரும்.

பெத்தவங்க பிள்ளைங்ககிட்ட மன்னிப்பு கேக்கறத பத்தி உங்க ஞாயிறு ஆன்மீகப் பக்கத்துல ஏதாவது ஒரு போதகரையோ, குடும்ப ஆலோசனை குடுக்கிறவங்களையோ எழுத சொன்னா நல்லாருக்கும் ஐயா. கீழ்ப்படியுங்க, கனம்பண்ணுங்கன்னு பிள்ளைங்களுக்கு நெறைய வந்திருச்சு.

போன சனிக்கிழமை நடந்து வர்றப்போ பெரியவன் திடீர்னு கேட்டான், அண்ணன் ஏசாவ ஏமாத்திட்டு ஓடிப்போன யாக்கோபு திரும்பி வர்றப்போ ஏழு தடவ தரையில விழுந்து கும்பிட்டுக்கிட்டே வந்தான்ல, ஏசா ஓடிவந்து கட்டிப்பிடிச்சு அழுதான்ல, அவன் உண்மையிலேயே மன்னிச்சிட்டானா, இல்ல அந்த நேரத்துக்கு அழுதானான்னு. எனக்கு சட்டுன்னு பதில் வரல. வழக்கமா நான் ஒரு பிரசங்கமே பண்ணியிருப்பேன். தெரியலப்பா, ஆதியாகமம் 33 திரும்ப படிச்சிட்டு வர்றேன், அடுத்த சனிக்கிழமை பேசுவோமான்னு கேட்டேன். சரிப்பான்னான். இந்த தடவ அந்த சரிப்பா வேற மாதிரி இருந்துச்சு.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்