பனியும் ‘சைக்கோ’வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைநகரங்களைக் களமாகக் கொண்ட உளவியல் திகில் படங்கள் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’யில் (1980) ஒளியும் பனியும் கையாளப்பட்ட விதத்தைக் கட்டுரையாளர் நுணுக்கமாகவே எழுதியிருக்கிறார், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் காதல் வெறி, மனநோய் என்ற இரண்டையும் ஒரே பொருளுக்கு உரிய இரு பெயர்களைப் போல அவர் மாற்றி மாற்றி எழுதியிருப்பதை, கோத்தகிரியில் மனநோய்க்கு மருந்து உண்ணும் ஒருவருடன் ஒரே வீட்டில் வாழ்ந்துவரும் என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

‘மூடுபனி’யின் நாயகன் தான் விரும்பிய பெண்ணை ஊட்டிக்குக் கடத்தி வருகிறான். 1991-இல் வந்த ‘குணா’வின் நாயகனோ, தன் மனத்தில் குடியிருக்கும் அபிராமி இவள்தான் என்று நம்பிய பெண்ணைக் கொடைக்கானல் மலைக்குத் தூக்கிச் செல்கிறான், படம் எடுக்கப்பட்ட குகைக்கு இன்று குணா குகை என்றே பெயர். ‘குணா’ திகில் படம் அல்ல. அதன் நாயகன்மீது இயக்குநர் சந்தான பாரதிக்கு நிறையப் பரிவு உண்டு. பிறகு வந்த பல படங்கள் அந்தப் பரிவை விட்டுவிட்டுக் கடத்தலை மட்டும் எடுத்துக்கொண்டன என்பதுதான் என் வருத்தம்.

பிரெஞ்சு மனநல மருத்துவர் டி கிளெராம்போ 1921-இல் விரிவாக எழுதிய நோய்நிலை ஒன்று உண்டு. அதில் நோயாளியின் அசைக்க முடியாத நம்பிக்கை, தான் ஒருவரைக் காதலிப்பதைப் பற்றியது அல்ல. தான் காதலிக்கப்படுவதைப் பற்றியது. எங்கோ உயரத்தில் இருக்கும் ஒருவர் தன்னை விரும்புகிறார், வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் குறிப்பால் உணர்த்துகிறார் என்று அவர் நம்புகிறார். திரைப்படங்கள் இதைத் தலைகீழாக்கி, பிடித்த பெண்ணை விடமாட்டேன் என்று நிற்கும் ஆணையே நோயாளியாகக் காட்டுகின்றன.

என் அண்ணனுக்கு வந்தது ஏறத்தாழ இந்த நோய்தான். வானொலியில் காலை 7.15 மணிச் செய்தியை வாசிக்கும் அம்மையார் ஒருவர், செய்திக்கும் செய்திக்கும் நடுவே விடும் சிறு இடைவெளியில் தன்னிடம் பேசுவதாக அவர் நம்பினார். மார்கழிக் குளிரிலும் ஏழு மணிக்குள் முகம் மழித்து, தேய்த்த வெள்ளைச் சட்டையை ஸ்வெட்டரின்மேல் போட்டுக்கொண்டு (சட்டை மறைந்துவிடக் கூடாதாம்) வானொலிப் பெட்டியின்முன் வந்து உட்காருவார். அவர் யாரையும் பின்தொடரவில்லை, யாருக்கும் கடிதம்கூடப் போடவில்லை. நாங்கள்தான் ஓர் ஆண்டு முழுவதும் கோடாங்கியிடமும் தாயத்திலும் காலத்தைப் போக்கிவிட்டு, பிறகு கட்டபெட்டு வழியாக ஊட்டிக்குப் பேருந்தேறி மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்தது. அந்த நம்பிக்கை விலகிய நாளில் வீட்டில் மற்ற எல்லோரும் மகிழ்ந்தோம். அவர் வானொலிப் பெட்டியைத் துணியில் சுற்றிப் பீரோவின்மேல் வைத்துவிட்டு, அன்று முழுவதும் சாப்பிடவில்லை. இத்தனை நாளாக உடன் இருந்த ஒருவர் இல்லவே இல்லை என்று தெரியவருவதும் ஓர் இழவுதான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எந்தத் திகில் படமும் இதைக் காட்டி நான் பார்த்ததில்லை. மாறாக, சில ஆண்டுகளுக்குமுன் அப்படியொரு படம் வந்தபோது எங்கள் தெருப் பையன்கள் அவரைச் ‘சைக்கோ’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைக்குப் போவதையே அவர் நிறுத்திவிட்டார்.

இந்நோய் வந்தவர்களில் சிலர் பின்தொடர்வதும் தொல்லை தருவதும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பேருந்து நிலையத்தில் கல்லூரிப் பெண்ணை நாள்தோறும் மறிக்கும் இளைஞனுக்குப் பெரும்பாலும் எந்த நோயும் இருப்பதில்லை. அவனுடைய செயலுக்குப் பெயர் குற்றம். 2013 முதல் சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவு இருந்தது, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவாக இருக்கிறது. அவனை ‘காதல் பைத்தியம்’ என்று எழுதும்போது அவனுக்கு ஒரு சாக்கும், என் அண்ணனுக்கு ஒரு பழியும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இனி இத்தகைய கட்டுரைகளின் அடியில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை ஒரு வரியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 24 மணி நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும் அரசுச் சேவை அது, தமிழிலும் பேசலாம். எங்கள் காலத்தில் அது இருந்திருந்தால் கோடாங்கிக்குக் கொடுத்த பணமாவது மிஞ்சியிருக்கும்.

கட்டுரையை அண்ணனிடமும் படிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்தார். ‘மூடுபனி’ இளையராஜாவின் 100-ஆவது படம் என்பதை எழுதாமல் விட்டுவிட்டார்களே என்பது மட்டும்தான் அவருக்குக் குறை.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
கோத்தகிரி.