செயலாளர் ஆண்டறிக்கை, 2024: ஃப்ளூக் பருவமும் மினுங்கும் தூண்டிலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நியூ ஜெர்சிக் கடற்கரையில் தூண்டில் போடும் நம் சங்கத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நம் வேலைகள் பெரும்பாலும் ஃப்ளூக் என்ற கோடைக்காலத் தட்டை மீனைச் சுற்றியே நடந்தன. அறிக்கையும் அப்படித்தான் இருக்கும். வசந்தத்தில் வரிப்பாஸ், இலையுதிர் காலத்தில் டாட்டாக் என்று போன பயணங்களின் விவரம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. வேண்டியவர்கள் வாங்கிப் பார்க்கலாம்.

முதலில் விதி. இந்த ஆண்டு நியூ ஜெர்சியில் ஃப்ளூக் பருவம் மே 4 முதல் செப்டம்பர் 25 வரை. ஆளுக்கு 3 மீன், ஒவ்வொன்றும் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 2023இல் 17 அங்குலத்துக்கும் 18க்கும் இடைப்பட்ட மீன் இரண்டு வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அது இந்த ஆண்டு கிடையாது. டெலவேர் விரிகுடாவில் 17 அங்குலம், ஐலண்ட் பீச் மாநிலப் பூங்காக் கரையில் 16 அங்குலம், 2 மீன் என்று தனி விதி இருந்தது. 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் கடல் தூண்டில் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காசு கிடையாது, கணினியில் சில நிமிட வேலை. பருவம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் நினைவூட்டல் அனுப்பினோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக மீனைப் பற்றிக் கொஞ்சம். ஊரில் எருமை நாக்கு, நாக்கு மீன் பார்த்தவர்களுக்கு இந்தத் தட்டை உடம்பு புதிதல்ல. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல இரண்டு பக்கமும் கண் இருக்கும். வளர வளர வலக்கண் தலையைச் சுற்றி இடப்பக்கம் வந்து சேர்ந்துவிடும். அப்புறம் கண் இல்லாத வெள்ளைப் பக்கத்தை அடியில் வைத்து, மேல்பக்கத்தை மணல் நிறத்துக்கு மாற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரியப் புதைந்து கிடக்கும். பார்த்தால் சோம்பேறி மாதிரி இருக்கும். ஆனால் வாய் பெரியது, பல் கூர்மையானது, பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து வேட்டையாடுவது. பக்கத்தில் மினுங்கிக்கொண்டு ஒன்று போனால் அடியை விட்டு எழும்பித் துரத்தும். நம் கைவேலைக்கெல்லாம் அடிப்படை இந்தக் குணம்தான்.

பயிற்சிப் பட்டறை

ஏப்ரலில் நடந்த டீசர் கட்டும் பட்டறைக்கு எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்தது. பக்கத்து அறையிலிருந்தும் நாற்காலி எடுத்துப் போட வேண்டியிருந்தது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் காலை முழுக்க நின்றபடியே சொல்லிக்கொடுத்தார். அவருக்கு இந்தச் சபையில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அன்று கட்டியது இதுதான். அடியில் மான் வால் முடி கட்டிய ஈயத் தலை, அதாவது பக்டெயில் ஜிக். அதற்கு ஒன்றரை சாண் மேலே, தங்கூசியிலேயே ஒரு வளையம் போட்டு அதில் டீசர். டீசர் என்றால் பெரிய தூண்டில் முள், அதன் கழுத்தில் ஒரு சிட்டிகை வெள்ளை முடி, முடிக்கு இரண்டு பக்கமும் மைலார் என்ற பளபளக்கும் பிளாஸ்டிக் இழை. முள்ளில் நான்கு அங்குல ரப்பர் மீன். பலரும் வாங்குவது பெர்க்லி கல்ப். அதன் சாறு வாசனைக்கு மீன் கடித்ததை உடனே துப்பிவிடாது. விரிகுடாவில் அரை அவுன்ஸ் முதல் ஒரு அவுன்ஸ் ஜிக் போதும். கடலில் ஆழமும் நீரோட்டமும் பார்த்து இரண்டு முதல் ஆறு அவுன்ஸ் வரை போக வேண்டும். பிரதான நூல் 15 அல்லது 20 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னல் நூல், முனையில் 25, 30 பவுண்டு ஃப்ளூரோகார்பன் தங்கூசி.

பட்டறையில் ஒரு தம்பி மைலாரைக் கத்தையாக வைத்துக் கட்டினார். விளக்கு வெளிச்சத்தில் அது பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரியவர் வாங்கி, ஒரு கண்ணாடிச் சாடித் தண்ணீருக்குள் விட்டு மெல்ல இழுத்துக் காட்டினார். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தகடாகப் போனது. பிறகு கத்திரி எடுத்து, பக்கத்துக்கு மூன்று இழை மட்டும் விட்டு, நுனிகளை ஏற்ற இறக்கமாக வெட்டிவிட்டு மறுபடியும் இழுத்தார். இப்போது முடி மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கியது. நடுவில் ஒரு வெள்ளிக் கோடு விட்டுவிட்டு மின்னியது. "ஸ்பியரிங் பொடி மீன் விலாவில் இருக்கிறதே, அந்தக் கோடு. அது போதும்பா" என்றார். அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

இந்த ஆண்டு நான் சபைக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இதில்தான் இருக்கிறது. எவ்வளவு மினுங்குகிறது என்று பார்க்காதீர்கள், எந்த மீனைப் போல மினுங்குகிறது என்று பாருங்கள். கடைச் சுவரில் தொங்கும் ரிக்குகளில், அதாவது கட்டித் தயாராக விற்கும் தூண்டில் கோர்வைகளில், மணி, தகடு, சுழலும் ஸ்பின்னர், இறகு என்று எல்லாம் இருக்கும். அவை நம்மை வாங்க வைக்கும். ஃப்ளூக்குக்கு அன்றைக்கு அந்த இடத்தில் என்ன குஞ்சு மீன் ஓடுகிறதோ அதன் நீளம், அதன் தடிமன், அதன் மினுக்கு வேண்டும்.

மாதத்துக்கு மாதம் இது மாறும். ஸ்பியரிங் ஏறக்குறைய ஓராண்டே வாழும் மீன். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரிய கடல் ஏற்றத்தில், பகல் வேளையில் கரையோரப் புற்களில் முட்டையிடும். ஆக மே, ஜூனில் விரிகுடாவில் நிற்பவை குளிர்காலம் தாண்டிய பெரியவை. நான்கு, ஐந்து அங்குல ஒல்லி டீசர் அப்போதைக்குச் சரி. ஆகஸ்டில் அந்த முட்டையில் வந்த பொடிசுகள்தான் கூட்டமாகத் திரியும். டீசரையும் குறுக்க வேண்டும். கோடை முடிவில் பங்கர் என்ற மீனின் குஞ்சுகள் வந்துவிட்டால் நிலைமையே வேறு. அது உயரமான, தட்டையான உடம்பு. அகன்ற ரப்பர் மீனும், கொஞ்சம் அடர்த்தியான முடியும், இங்கே ஒரு சின்ன ஸ்பின்னர் தகடும் பொருந்தும். கடல் பக்கம் மணல் விலாங்கு என்ற ஒல்லிப் பொடி மீன் ஓடினால் ஒல்லியாக, நீளமாக, முடி குறைவாக.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. நம் கரையோரத் தண்ணீர் பச்சை. சிவப்பு ஆழத்தில் முதலில் மறைந்துவிடும். மஞ்சள் பச்சை நிறம் நெடுந்தூரம் தெரியும். மழைக்குப் பின் ராரிட்டன் விரிகுடா கலங்கியிருக்கும்போது அந்த நிறமும், வழக்கத்தைவிட ஓரிரு இழை கூடுதலும் கைகொடுத்தன. தெளிந்த நாளில் வெறும் வெள்ளை. இளஞ்சிவப்புக்கு நம் சங்கத்தில் தனிக் கட்சியே இருக்கிறது. அவர்களும் மீன் பிடிக்கத்தான் செய்கிறார்கள்.

பயணங்கள்

மே மாதம் முழுக்கக் கரையோரமும் பின் விரிகுடாக்களும்தான்: ஷார்க் ரிவர், மனஸ்குவான், பார்னகாட். அந்த நேரத்தில் கடல் இன்னும் குளிர்ந்திருக்கும். வெயிலில் சூடேறிய சேற்றுத் திட்டுகளிலிருந்து கடல் வற்றத்தில் இறங்கும் தண்ணீர்தான் கதகதப்பு. அந்தத் தண்ணீர் வாய்க்காலில் விழும் மூலைகளில் ஃப்ளூக் காத்துக் கிடக்கும். ஆழம் பார்த்துப் போனவர்களைவிட, இந்த மூலைகளில் லேசான ஜிக்கைத் தட்டித் தட்டி இழுத்தவர்கள்தான் மீன் பார்த்தார்கள்.

ஜூலைப் படகுப் பயணம் பலருக்கு ஏமாற்றம். காரணத்தைப் பதிவு செய்கிறேன், அடுத்த முறைக்கு உதவும். அதற்கு முந்தைய பல நாட்கள் தென்மேற்குக் காற்று விடாமல் அடித்தது. இந்தக் கரையில் அப்படி அடித்தால், பூமி சுழலுவதால் மேல்தண்ணீர் காற்றின் வலப்பக்கமாக, அதாவது கரையை விட்டு வெளியே தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறிவரும். கரையில் வெயில் கொளுத்துகிறது, தண்ணீரில் கால் வைத்தால் விறைக்கிறது. மீன் இருக்கிறது, வாய் திறப்பதில்லை. ஸீ கர்ட் ரீஃப் என்ற கடலடித் திட்டில் அன்று ஜிக்கை உயர்த்தி அடித்தவர்களுக்கு ஸீ ராபின் மீன்கூடச் சரியாக வரவில்லை. அடியை உரசியபடி மிக மெதுவாக விட்டவர்கள் ஒரு சிலரே மீனோடு திரும்பினார்கள். இனி படகு பிடிக்கும் முன் அந்த வாரத்துக் காற்றையும் கடல்நீர் வெப்பத்தையும் பார்த்து, தேவைப்பட்டால் ஷார்க் ரிவருக்கோ சாண்டி ஹூக்குக்கோ மாற்றிக்கொள்ளச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

ஆகஸ்டுக்குப் பேசிய படகு கடைசி நேரத்தில் ரத்தானது. கொடுத்த முன்பணம் திரும்பக் கைக்கு வர நாளானது. இனிமேல் ரத்து நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் பணம் கொடுப்போம். அந்த விஷயம் அத்தோடு முடிந்தது.

ரீஃபில் ரிக் இழப்பு அதிகம் என்று பலர் குறைப்பட்டார்கள். கல்லும் சிப்பியும் நிறைந்த அடி, மாட்டத்தான் செய்யும். அடியில் ஜிக்குக்குப் பதில் வெறும் ஈயக்குண்டைப் போட்டு, அதைப் பிரதான தங்கூசியைவிட மெலிந்த தங்கூசியில் கட்டுங்கள். மாட்டினால் குண்டு மட்டும் அறும். மேலே இருக்கும் டீசர்கள் பிழைக்கும். கடலடியிலும் குப்பை குறையும்.

இன்னொன்று, கைக்கு வந்த மீனைப் படகோரத்தில் தொலைப்பது. மேலே வந்ததும் ஃப்ளூக் தலையை உதறும். அந்த நேரத்தில் கழியைத் தூக்கித் தலையைத் தண்ணீருக்கு வெளியே எடுத்தால் முள் கழன்றுவிடும். தலையைத் தண்ணீர் மட்டத்திலேயே வைத்து, வலையை முன்னால் இறக்கி, மீனைத் தலைப்பக்கமாக வலைக்குள் நடத்திக் கொண்டுவர வேண்டும். வலை பிடிப்பவர் மீனைத் துரத்தக் கூடாது. குடும்ப நாளில் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தோம். ஒரு சிறுமி தன் அப்பா கழியைத் தூக்கியதும் "அப்பா, இறக்குங்க, இறக்குங்க" என்று கத்தி அந்த மீனைக் காப்பாற்றினாள். அன்றைய மீன் கரையிலேயே வறுவலானது. ஒரு மீனுக்கு நான்கு துண்டம், மேல்பக்கத்து இரண்டும் கனம், அடிப்பக்கத்து இரண்டும் மெலிசு. மெலிசு முதலில் வெந்துவிடும், தனியாகப் போடுங்கள். குழம்பில் கரைந்துவிடும் சதை இது. தலையும் எலும்பும் மட்டும் ரசத்துக்குப் போகட்டும்.

சிறிய மீன்களைப் பற்றி

இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். நாம் பிடிக்கும் ஃப்ளூக்கில் பெரும்பாலானவை 18 அங்குலத்துக்குக் குறைந்தவை, திருப்பி விட வேண்டியவை. திருப்பி விட்டால் எல்லாம் பிழைத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. தூண்டில்காரர்கள் விடும் ஃப்ளூக்கில் 10 சதவீதம் செத்துப்போகும் என்று வைத்துத்தான் மீன்வள நிர்வாகம் கணக்குப் போடுகிறது. அது நமக்கு ஒதுக்கிய பிடியிலிருந்தே கழியும். 2011க்குப் பிறகு குஞ்சு வரத்து பெரும்பாலும் சராசரிக்குக் கீழே இருந்துவந்திருக்கிறது. 2023 மதிப்பீட்டின்படி 2022இல் அளவுக்கு மீறிப் பிடித்திருக்கிறோம். வணிகப் படகுகளும் நம்மைப் போன்றவர்களும் சேர்ந்துதான். இதோடு, பெரிய ஃப்ளூக் என்றால் அது பெரும்பாலும் பெண் மீன். விதி அளவைக் கூட்டக்கூட்ட நாம் வீட்டுக்குக் கொண்டுவருவது முட்டையிடும் தாய்களை.

இறாலோ மீன்துண்டோ குத்திச் சும்மா விட்டால் சிறிய மீன் அதை வயிறு வரை விழுங்கிவிடும். ஓடிக்கொண்டே இருக்கும் ஜிக்கையும் டீசரையும் துரத்திப் பிடிக்கும் மீனுக்கு முள் பெரும்பாலும் வாயோரத்தில்தான் ஏறும். முள் பெரியதாக, ரப்பர் மீன் ஐந்து அங்குலமாக இருந்தால் பொடிசுகள் வாலைக் கடித்துவிட்டுப் போய்விடும். இந்தக் காரணத்துக்காகத்தான் சங்கம் இந்த ரிக்கைத் தூக்கிப் பிடிக்கிறது. வயிற்றில் முள் சிக்கினால் தோண்டாதீர்கள், தங்கூசியை ஒட்ட வெட்டிவிட்டு மீனை விடுங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். அளவுகோலை மீன் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

மீன்வளக் குழுவின் இணையவழிக் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் நம்மவர்கள் இன்னும் அதிகமாகக் கலந்துகொள்ள வேண்டும். கடலிலும் படகுத் துறையிலும் இத்தனை பேர் இருக்கிறோம், அங்கே நம் குரல் கேட்பதே இல்லை. ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்களுக்கு எழுதிக்கொடுக்க நானும் துணைச் செயலாளரும் தயார்.

பரிசு

பருவத்தின் பெரிய ஃப்ளூக்குக்கான சுழற்கோப்பை சாண்டி ஹூக் அருகே ஃப்ளின்ஸ் நோல் மேட்டில் பிடித்த உறுப்பினருக்கு. கையில் கட்டிய டீசரில் வந்தது என்பது பட்டறை நடத்திய எங்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி. உலகச் சாதனை இன்னும் 1975இல் மொன்டாக்கில் பிடிபட்ட 22 பவுண்டு 7 அவுன்ஸ்தான். அடுத்த ஆண்டும் கோப்பை காத்திருக்கிறது. உயிரோடு விட்ட மீனுக்கும் புள்ளி கொடுக்கும் முறையை இந்த ஆண்டு சோதித்தோம். படம் எடுக்க மீனை நெடுநேரம் வெளியில் வைத்திருந்ததாக இரண்டு புகார் வந்தது. அதனால் அளவுகோலோடு ஒரே படம், தண்ணீருக்குப் பக்கத்தில், என்று விதியைத் திருத்தியிருக்கிறோம்.

சபையின் ஒப்புதலுக்கு

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். பட்டறையை ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒன்று என இரண்டாக்க வேண்டும். இரண்டாவதில் குறுகிய டீசரும் பங்கர் வடிவமும் மட்டும் கட்டலாம். மான் வால் முடி, மைலார், முள் ஆகியவற்றைச் சங்கமே மொத்தமாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுக்க வேண்டும். குடும்ப நாளைப் பள்ளி விடுமுறையின் முதல் வாரத்துக்கு மாற்ற வேண்டும், ஜூலைக் காற்றுக்கு முன்.

செயற்குழுவினருக்கும், ஒவ்வொரு பயணத்துக்கும் ஐஸ்பெட்டி சுமந்த இளைஞர்களுக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சாப்பாடு கட்டிக்கொடுத்த வீட்டாருக்கும் நன்றி. அறிக்கையை ஏற்றுப் பதிவு செய்யுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்