சீரியல் பல்பு இல்லாமல் சுவிட்சைப் போடாதே, மலர்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். ஆம்ப்ளிஃபையரில் பியூஸ் போய்விட்டது, புதுசு போட்டதும் அந்த நொடியே மறுபடி போனது, பக்கத்து வீட்டுத் தம்பி 10 ஆம்பியர் பியூஸ் போட்டுப் பார்க்கலாம் என்கிறான் என்று சொன்னாய். அதை மட்டும் செய்யாதே. 2 ஆம்பியர் பியூஸ் உடனே எரிகிறது என்றால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய பியூஸ் போட்டாலும் செம்புக் கம்பி சுற்றினாலும் பியூஸுக்குப் பதிலாக டிரான்ஸ்பார்மர் எரியும், வயர் உருகும், வீட்டில் தீப்பிடிக்கவும் வழி உண்டு. போட வேண்டியது அதே 2 ஆம்பியர், ஸ்லோ ப்ளோ வகை. சுவிட்ச் போட்டதும் கண்டென்சர்கள் ஒரு நொடி நிறையக் கரெண்டை இழுக்கும். சாதா பியூஸ் நல்ல செட்டிலும் அதற்கே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை நீயே பிரித்துப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். பார், உன்னால் முடியும். வரிசை மாறக் கூடாது என்பதால்தான் எழுதி அனுப்புகிறேன். இதை மேசையில் விரித்து வைத்துக்கொள். உன் செட் 24-0-24 டிரான்ஸ்பார்மர், இரண்டு 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சர், சேனலுக்கு ஸ்பீக்கரை ஓட்டும் ஒரு ஜோடி 5200–1943 டிரான்சிஸ்டர் உள்ள அசெம்பிள் செட். கீழே எழுதுவதெல்லாம் அதற்குத்தான். மாப்பிள்ளையின் ஹோம் தியேட்டரில் இருப்பது எஸ்எம்பிஎஸ், மெயின்ஸ் கரெண்டை நேராக டிசியாக்கி ஓடும் பவர் சப்ளை. அதன் முதல் கண்டென்சரில் 320 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். அதை நீங்கள் இருவருமே திறக்க வேண்டாம்.

முதலில் பிளக்கைப் பிடுங்கு. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கலாம்; அப்போது அணைத்த பிறகும் உள்ளே பேஸ் (phase, கரெண்ட் வரும் வயர்) இருக்கும். பிடுங்கிய பிளக்கை உன் கண் எதிரே மேசை மேலேயே வை. காலில் காய்ந்த ரப்பர் செருப்பு, கையில் மோதிரம் வளையல் கூடாது, வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும்போதுதான் வேலை. கரெண்ட் கசிந்தால் தானாக அணையும் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறது என்று மெத்தனமாக இருந்துவிடாதே. பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் தொட்டால் அதற்குத் தெரியாது. டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் இருக்கும் கரெண்டும் அதற்குத் தெரியாது.

மூடியைக் கழற்றியதும் எதையும் தொடாமல் மல்டிமீட்டரை டிசி 200-ல் வைத்து, இரண்டு பெரிய கண்டென்சர்களையும் தனித்தனியாக அள. செட் நன்றாக இருந்தால் ஒவ்வொன்றிலும் 33, 34 வோல்ட் இருக்கும், 24-ஐ 1.414-ஆல் பெருக்கி டையோடு தின்பதைக் கழித்தால் அவ்வளவுதான் வரும். பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே கிட்டத்தட்ட 67 வோல்ட். வேர்த்த கைக்கு அது சாதாரணமில்லை. மிச்சம் ஏதாவது நின்றால் 220 ஓம் 10 வாட் ரெசிஸ்டன்ஸின் இரு முனையிலும் இன்சுலேஷன் உள்ள வயர் பற்ற வைத்து, கண்டென்சரின் இரு முனையில் பத்து நொடி வை. பிறகு மறுபடி அள. ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்திருந்தால்தான் கை வைக்கலாம். திருப்புளியை வைத்துப் பொறி பறக்க ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். பொறி கண்ணில் படும், போர்டில் இருக்கும் செம்புப் பாதை கருகும்.

இனி கண்ணும் மூக்கும். போனில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள், எந்த வயர் எங்கே என்று பிறகு குழம்பாது. தலை உப்பிய கண்டென்சர், வெடித்த டிரான்சிஸ்டர், கருகிய ரெசிஸ்டன்ஸ் இருக்கிறதா பார். ஸ்பீக்கர் அவுட்புட் பக்கத்தில் 10 ஓம் ரெசிஸ்டன்ஸ் ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றும் சேர்ந்து இருக்கும். அந்த 10 ஓம் மட்டும் கருகியிருந்தால், காதுக்குக் கேட்காத உயர்ந்த அதிர்வெண்ணில் போர்டு தானாகவே அதிர்ந்திருக்கிறது (ஆசிலேட்) என்று அர்த்தம். அப்போது டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால் அதுவும் போகும்.

புதுச்சேரியில் வைத்திக்குப்பம் கடற்கரையை ஒட்டி நீ இருப்பதால் உப்பையும் சொல்ல வேண்டும். உப்புக் காற்று பாட்டு வயர் செருகும் ஆர்சிஏ சாக்கெட்டிலும் பியூஸ் ஹோல்டரிலும் பச்சையாகப் பூக்கும். போர்டில் வெள்ளையாகப் படியும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் அந்தப் படிவு கரெண்டைக் கடத்தும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் கொட்டிய மழையின்போது உன் வீட்டுத் தரையில் தண்ணீர் நின்றதே, அப்போது இந்தச் செட் கீழ்த்தட்டில்தான் இருந்தது. அதனால் பழைய டூத் பிரஷ்ஷில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு, பற்ற வைத்த பக்கத்தை நன்றாகத் தேய்த்துத் துடை. முழுதாகக் காய்ந்த பிறகே கரெண்ட். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம், பிசுக்கு தூசியைச் சேர்க்கும். பின்பக்கக் காற்று ஓட்டை வழியாகப் பல்லி புகுந்து மெயின்ஸ் முனையில் கருகிக் கிடந்தாலும் பியூஸ் போகும்; டார்ச் அடித்துப் பார்த்துவிடு.

அடுத்தது சீரியல் போர்டு, அதாவது செட்டுக்குப் போகும் கரெண்ட் ஒரு பல்பு வழியாகவே போகும்படி செய்யும் பலகை. ஒரு மரப்பலகையில் ஒரு பல்பு ஹோல்டர், ஒரு மூன்று பின் சாக்கெட். பேஸ் வயர் பல்பு வழியாகப் போய் சாக்கெட்டுக்கு வர வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராக. 60 வாட் குண்டு பல்பு போடு. எல்இடி இதற்கு ஆகாது. ஜீரோ வாட் பல்பு ரொம்பச் சின்னது, நல்ல செட்டைக்கூடக் கிளம்ப விடாது. குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது தடை குறைவு, சூடானால் பல மடங்கு ஏறும். செட்டில் ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரிந்து, கரெண்டைக் கால் ஆம்பியருக்கு மேல் விடாது. செட் நன்றாக இருந்தால் ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கிவிடும். புது டிரான்சிஸ்டர்களைக் காப்பது இதுதான். பாகங்களைத்தான் காக்கும், உன்னைக் காக்காது. பல்பு எரிந்தாலும் அணைந்தாலும் உள்ளே 230 வோல்ட் ஷாக் அபாயம் அப்படியே இருக்கும்.

இப்போது ஹோல்டரில் புது 2 ஆம்பியர் பியூஸ் போட்டு, சீரியல் போர்டு வழியாகவே கரெண்ட் கொடுத்து, செட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சரை இறக்கிவிட்டுத்தான் வயரைத் தொட வேண்டும். முதலில் டிரான்ஸ்பார்மரின் செகண்டரி (24 வோல்ட் வெளியே வரும் பக்கம்) வயர் மூன்றையும் கழற்றித் தனித்தனியாக டேப் சுற்றிவிட்டுப் போடு. அப்போதும் பல்பு முழுதாக எரிந்தால் டிரான்ஸ்பார்மர் உள்ளே சுற்று ஒட்டிவிட்டது. மங்கினால் டிரான்ஸ்பார்மர் நல்லது. அடுத்து பிரிட்ஜும் (ஏசியை டிசியாக்கும் நாலு டையோடு) கண்டென்சரும் மட்டும், இரண்டு சேனல் போர்டுக்கும் போகும் சப்ளை வயர் கழற்றிய நிலையில். இங்கே எரிந்தால் பிரிட்ஜோ கண்டென்சரோ ஷார்ட். பிரிட்ஜை டிரான்ஸ்பார்மர் வயர் கழற்றித்தான் டையோடு ரேஞ்சில் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 0.5 போலக் காட்டி மறுபக்கம் எதுவும் காட்டக் கூடாது. நாலு டையோடும் அப்படி இருக்க வேண்டும். இதுவும் தாண்டினால் ஒவ்வொரு போர்டாகச் சேர். எந்தச் சேனலைச் சேர்க்கும்போது பல்பு எரிகிறதோ அதுதான் ஆள்.

நீ சொன்ன அறிகுறிக்கு அவுட்புட் டிரான்சிஸ்டர்தான் போயிருக்கும் என்பது என் கணிப்பு. எழுத்து உன்னைப் பார்க்கப் பிடித்தால் சி5200-க்கும் ஏ1943-க்கும் இடமிருந்து பேஸ் (base; மெயின்ஸ் பேஸ் வேறு), கலெக்டர், எமிட்டர். நடுக்காலுக்கும் வலது காலுக்கும் நடுவே மீட்டர் பீப் அடித்தால் ஷார்ட். சந்தேகம் தீர வெளியே எடுத்தும் பார். நல்ல 5200-ல் சிவப்பு முனையைப் பேஸில் வைத்து, கறுப்பை மற்ற இரண்டிலும் மாற்றி மாற்றித் தொட்டால் 0.5, 0.6 காட்டும். 1943-க்கு முனைகள் தலைகீழ். ஒன்று போனால் ஜோடி இரண்டையும் மாற்று. ஒன்று ஷார்ட் ஆனதும் அவுட்புட் முழு 33 வோல்ட்டுக்குப் போகிறது. மற்றது அதை எதிர்த்து இழுத்து அடிபட்டிருக்கும், அளவில் நன்றாகக் காட்டினாலும் நம்ப முடியாது. கூடவே இந்த ஜோடியை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டர், பேஸில் இருக்கும் சின்ன ரெசிஸ்டன்ஸ், 0.22 ஓம் 5 வாட் வெள்ளை ரெசிஸ்டன்ஸ் எல்லாம் பார்க்க வேண்டும். மீட்டர் வயரின் தடையே அதைவிடக் கூடுதலாக இருப்பதால் 0.22-ஐச் சரியாக அளக்க முடியாது. அறுந்திருக்கிறதா என்று மட்டும் பார், போதும்.

போலி 5200 நிறைய வருகிறது. பார்க்க அதே போல இருக்கும், உள்ளே சில்லு சின்னது, கொஞ்சம் சத்தம் கூட்டினாலே போய்விடும். மலிவாகக் கிடைக்கிறது என்று கிடைத்த இடத்தில் வாங்காதே. பில் தருகிற கடையில் கேள், இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைக்கலாம்.

பழையதை எடுக்கும்போது சக்கர் என்ற உறிஞ்சு குழலால் ஈயத்தை முழுதாக உறிஞ்சிவிட்டு எடு. இழுத்தால் செம்புப் பாதை உரிந்து வரும். புதியதை மாட்டும்போது, டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) நடுவே வைக்கும் மைக்கா தாளின் இரு பக்கமும் ஹீட் சிங்க் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவு. திருகு முறுக்கியதும், பற்ற வைப்பதற்கு முன், டிரான்சிஸ்டரின் நடுக்காலுக்கும் ஹீட் சிங்குக்கும் பீப் வருகிறதா பார், வரக் கூடாது. முதுகில் இருக்கும் உலோகமே கலெக்டர். மைக்கா கிழிந்தால் சப்ளை நேராக ஆம்ப்ளிஃபையரின் உலோகப் பெட்டிக்குப் போகும்.

பிறகு ஸ்பீக்கர் இல்லாமல், சீரியல் பல்போடு போடு. பல்பு மங்கினால் ஸ்பீக்கர் முனையில் டிசி அள. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100-ஐத் தாண்டினால் அவுட்புட் ஜோடிக்கு முந்தைய பகுதியில் இன்னும் கோளாறு. 30 வோல்ட் காட்டினால் அந்த நிலையில் ஸ்பீக்கரை மாட்டாதே, அதன் கம்பிச் சுருள் கருகிவிடும். எல்லாம் சரியென்றால் பல்பை விலக்கி, நேராகச் சுவர் சாக்கெட்டில் போட்டு, மறுபடி அள. போர்டில் பயஸ் ப்ரீசெட் (அவுட்புட் ஜோடியில் சும்மா ஓடும் கரெண்டைச் சரி செய்யும் சின்னத் திருகு) இருந்தால், பாட்டு இல்லாதபோது 0.22 ரெசிஸ்டன்ஸின் இரு முனைக்கு நடுவே 5 முதல் 8 மில்லிவோல்ட் வரும்படி மெதுவாகத் திருப்பு. கால் மணி நேரம் சூடான பிறகு திரும்பவும் பார். மீட்டருக்கு முதலைக் கிளிப் போட்டுக்கொள். முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால், செய்த வேலை எல்லாம் அந்த நொடியில் போய்விடும்.

இனி எதனால் போனது என்பது. நீ மாடியில் புதிதாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டி மாட்டியதாகச் சொன்னாய். கூடத்துப் பெட்டிகள் 8 ஓம். மாடியில் மாட்டியது 4 ஓம் என்றால், சேனலுக்கு ஒன்றாக அதே முனையில் சேர்த்தால் மொத்தம் 2.7 ஓம்தான். ஆம்ப்ளிஃபையர் தர வேண்டிய கரெண்ட் மூன்று மடங்கு. ஆடிக் கூழுக்குப் பகல் முழுக்க அப்படிப் பாடவிட்டால் இந்த ஒற்றை ஜோடி டிரான்சிஸ்டர் தாங்காது. மீட்டரால் பெட்டிகளை அள: 8 ஓம் ஸ்பீக்கர் 6 போலவும், 4 ஓம் 3.4 போலவும் காட்டும். மாடிப் பெட்டிகள் 4 ஓம்தான் என்றால் அவற்றைத் தனியாக, செலக்டர் சுவிட்ச் வழியாக, கூடத்துப் பெட்டிகள் ஓடாதபோது மட்டும் கொஞ்சம் சத்தத்தில் ஓட்டு. வயரையும் பார். மாடிப்படிக் கதவிடுக்கில் நசுங்கிய இடம் இருந்தால், அந்த ஷார்ட்டே போதும் இவ்வளவுக்கும். காரணத்தைக் கண்டு சரி செய்யாமல் புது ஜோடியைப் போட்டால் அதுவும் அடுத்த வாரம் போகும்.

சத்தம் வந்த பிறகு 'உம்' என்ற இரைச்சல் இருந்தால் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் குறை. அப்போதும் இருந்தால் பெரிய கண்டென்சர் வற்றியிருக்கிறது, அல்லது அதன் காலில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை (டிரை சால்டர்). குறைந்துவிட்டால் இன்புட் வயரின் ஷீல்டு அறுந்திருக்கும். எதுவானாலும் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கி இரைச்சலைக் குறைக்கும் வேலை வேண்டாம். அந்த எர்த் பின்னுக்கும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியின் உலோகத்துக்கும் நடுவே மீட்டர் பீப் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் முதலில் அதைச் சரி செய். குமிழைத் திருப்பும்போது கரகர என்றால் வால்யூம் கண்ட்ரோலின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருப்பு.

சனிக்கிழமைக்குள் வாங்கி வை: 5200–1943 இரண்டு ஜோடி, மைக்கா தாள், பேஸ்ட், 0.22 ஓம் 5 வாட் நாலு, 10 ஓம் 2 வாட் இரண்டு, 2 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ பியூஸ் ஐந்து, 220 ஓம் 10 வாட் ஒன்று, குண்டு பல்பு. ஸ்பீக்கர் முனையில் என்ன வோல்ட் காட்டுகிறது என்று பார்த்தவுடன், ஸ்பீக்கரை மாட்டுவதற்கு முன் எனக்கு போன் பண்ணு. போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புடன்,
அம்மா