போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் தமிழ் அமைப்புகள் நடத்தும் குறள் ஒப்பித்தல், பேச்சுப் போட்டிகளுக்கு நடுவர்களாக அமரும் பெரியோர்களுக்கு வணக்கம்.

சென்ற பொங்கல் விழாவில் முதல் பரிசை மூன்று பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுத்தீர்கள். "யார் மனமும் நோக வேண்டாம், நடுநிலையாகச் செய்துவிட்டோம்" என்று உங்களில் ஒருவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். தயவுசெய்து அதை நடுநிலை என்று சொல்லாதீர்கள்.

அன்று பிள்ளைகள் ஒப்பித்ததே 'நடுவு நிலைமை' அதிகாரம்தான். "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்" என்னும் குறளுக்குப் பரிமேலழகர் உரை சொல்லும்போது, துலாம் முன்னே சமனாக நின்று, பின்னர் தன்மேல் வைத்த பாரத்தை வரையறுக்கிறது என்கிறார். சமனாக நிற்க வேண்டியது எடை வைப்பதற்கு முன்னால். வைத்த பிறகு கனத்த தட்டு இறங்கத்தான் வேண்டும். எதை வைத்தாலும் அசையாத தராசு பழுதான தராசு.

பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்றிடத்தும் அறம் வழுவாமல் ஒப்ப நிற்பதுதான் நடுவு நிலைமை என்றும் அவர் விளக்குகிறார். நொதுமல் என்றால் பகையும் இல்லாத, நட்பும் இல்லாத அயலார். எனக்கு உறுத்துவது அந்த இடம்தான். நண்பர் வீட்டுப் பிள்ளைக்குக் கேட்க ஆள் உண்டு. பகையாளி வீட்டுப் பிள்ளை என்றால், பேச்சு வருமே என்று நாமே கவனமாக இருப்போம். யாரையும் தெரியாத வீட்டுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

ஸ்ரீராமபுரத்திலிருந்து வந்த ஒரு சிறுமி, கையிலிருந்த நோட்டில் பத்துக் குறளையும் கன்னட எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். பள்ளியில் தமிழ் இல்லை. அம்மா சொல்லச் சொல்லக் கேட்டு எழுதியது. மேடையில் ஓரிடத்திலும் தடுக்கவில்லை, ழகரம் அத்தனை சுத்தம். மற்ற இருவரும் நடுவில் நின்று, அடி எடுத்துக் கொடுத்த பிறகே தொடர்ந்தார்கள். மூவருக்கும் ஒரே பரிசு என்றபோது யார் மனமும் நோகவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலை 2009-இல் திறக்கப்படும் வரை காத்திருந்த ஊர் இது. அவர் சொல்லுக்கும் அந்த மதிப்பைக் கொடுப்போம். அடுத்த போட்டியில் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்காமல் எண் கொடுத்து அழையுங்கள். உறவோ நட்போ உள்ள வீட்டுப் பிள்ளை போட்டியிட்டால் நடுவர் இருக்கையை வேறொருவருக்கு விடுங்கள். ஒருவரோடொருவர் கலந்து பேசுவதற்கு முன்பே மதிப்பெண் தாளைக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள். பரிசளிப்புக்கு முன்னால் அந்தத் தாள்களை அரங்க வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அரங்கில் அமர்ந்திருந்த ஒரு பெற்றோர்