ஒக்ரோபர் 20 இரவு நான் போட்ட சத்தம்

அன்பு மகனுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் மருமகளும் சின்னவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாரத்துக்கு மூன்று தடவை வீடியோவில் முகம் பார்க்கிறோமே, பிறகு எதற்கு அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. அதோடு, நான் பேச்சைத் தொடங்கும் நேரம் பார்த்து அப்பா நடுவில் தலையை நீட்டி "அங்கே மழையா?" என்று கேட்டுக் குழப்பிவிடுவார். சியாற்றிலில் மழையா என்று கேட்க ஒரு மனிதர்.

2025 ஒக்ரோபர் 20ஆம் திகதி இரவைப் பற்றித்தான், அந்தப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கிண்ணத்துக்கான உலகத் தொடருக்கு யார் போவது என்ற கடைசி, ஏழாவது ஆட்டம்; ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது. உன் ஊர் மரினர்ஸ் மூன்றுக்கு ஒன்று என்று முன்னால் நின்றார்கள். எங்கள் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் ஆட்கள் இருவர் பேஸில். ஸ்பிரிங்கர் அடித்த பந்து இடதுபக்க மதிலுக்கு மேலால் போய் விழுந்தது. ஹோம் ரன், மூன்று ஓட்டம். நான்குக்கு மூன்று. அதற்குப் பிறகு இரண்டு இன்னிங்ஸ் நான் மூச்சு விட்டேனா என்பது தெரியாது. கடைசி ஆள் அவுட்டானதும் உன் இலக்கத்தை அழுத்தினேன். நீ "ஹலோ" சொல்ல முதலே, "வென்றுவிட்டோம், வென்றுவிட்டோம், முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு உலகத் தொடருக்குப் போகிறோம்!" என்று கத்தினேன். நீ, "நல்லது அம்மா, பிறகு எடுக்கிறேன்" என்றாய். பின்னால் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. உங்களுக்கு அப்போது எட்டு மணி. நித்திரைக்குப் போகச் சொன்னதற்கு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டேன்.

அவள் மரினர்ஸ் தொப்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள் என்பதும், அந்தத் தொப்பியோடுதான் படுத்தாள் என்பதும் மறுநாள் மருமகள் சொல்லித்தான் தெரிந்தது. "பரவாயில்லை மாமி, சின்னப்பிள்ளைதானே" என்றாள். பரவாயில்லை என்று அவள் சொன்ன விதத்தில் கொஞ்சம் பரவாயிருந்தது.

என் பக்க நியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு மன்னிப்புக் கேட்கிறேன்.

நாங்கள் 1991இல் வந்து ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் இருந்தது உனக்குத் தெரியும். நகர மையத்தில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் இரவு வேலைக்குப் போனேன். என்னோடு வேலைசெய்த போர்த்துக்கேயப் பெண் தன் வாளி வண்டியில் ஒரு சின்ன ரேடியோவைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். ஏப்ரல் தொடக்கம் ஒக்ரோபர் வரை அதில் புளூ ஜேய்ஸ் ஆட்டம்தான். எனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தவர்கள் இரண்டு பேர்: வர்ணனையாளர்கள் ரொம் சீக்கும் ஜெரி ஹவார்த்தும். அப்படிப் படித்த ஆங்கிலம் எப்படி இருக்கும்? பல் வைத்தியர் எந்தப் பல் வலிக்கிறது என்று கேட்டபோது "லோ அண்ட் அவுட்சைட்" என்றேன் (பந்து கீழே, வெளிப்பக்கமாகப் போனால் வர்ணனையாளர் சொல்வது). அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கண்ணாடி விழுந்தது.

ரொம் சீக்கைப் பற்றி இன்னொன்று. 1977இல் புளூ ஜேய்ஸ் ஆடிய முதல் ஆட்டத்திலிருந்து 2004 ஜூன் வரை ஒரு ஆட்டமும் விடாமல் 4,306 ஆட்டங்களை வர்ணித்தவர். தகப்பன் செத்தபோதுதான் முதல்முறை வராமல் இருந்தார். அடுத்த வருடம் அவரும் போய்விட்டார். மைதானத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்த இலக்கத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினேன், நீ ஹொட் டோக் வேண்டும் என்று நின்றாய்.

1993 ஒக்ரோபர் 23, சனிக்கிழமை. மேலதிக வேலை. ரேடியோவில் உலகத் தொடர். ஒன்பதாவது இன்னிங்ஸ், ஆறுக்கு ஐந்து என்று பிலடெல்பியா முன்னால். எங்கள் ஜோ கார்ட்டர் அடித்தார், கிண்ணம் எங்களுக்கு. "எல்லாப் பேஸையும் தொட்டு வா ஜோ, உன் வாழ்நாளில் இதைவிடப் பெரிய ஹோம் ரன் அடிக்கமாட்டாய்" என்று சீக் ரேடியோவில் சொன்னது எனக்கு முழுவதும் விளங்கியது. ஆங்கிலத்தில் ஒரு வசனம் மனதுக்குள் தமிழாகாமல் நேரே விளங்கியது அன்றுதான். நானும் அந்தப் பெண்ணும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு யாரோ ஒரு முகாமையாளரின் அறையில் ஆடினோம். வேலை முடிந்து இறங்கினால் யங் தெரு முழுக்கச் சனம். முன்பின் தெரியாத ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த ஊருக்கு வந்து இரண்டு வருடத்தில் வழியில் போகிற ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருடம் ஓகஸ்ட் 12இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். உலகத் தொடரே நடக்கவில்லை. செப்ரெம்பரில் நீ பிறந்தாய். ரேடியோ சத்தமில்லாத அந்த மாதம் முழுவதும் உன் சத்தம்தான். அதற்குப் பிறகு 2015 வரை நாங்கள் ஒக்ரோபரையே, கிண்ணத்துக்காக ஆடும் அந்த மாதத்தையே, பார்க்கவில்லை. அந்த இருபது வருடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கேட்டுக்கொண்டு சமைத்தேன், அவ்வளவுதான்.

உனக்கு 2022 நினைவிருக்கும். எட்டுக்கு ஒன்று என்று முன்னால் நின்ற ஆட்டத்தைப் பத்துக்கு ஒன்பது என்று விட்டுக்கொடுத்தோம். யாரிடம்? இதே மரினர்ஸிடம்! அன்று என் பக்கத்தில் இருந்து அவர்களை என்னைவிடக் கூடுதலாகத் திட்டியவன் நீ. அடுத்த வருடம் அந்த ஊரிலேயே வேலை எடுத்துக்கொண்டு போனாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை, எழுதுகிறேன்.

இந்த வருடம் தொடங்கும்போது எனக்கு ஒரு நம்பிக்கையும் இருக்கவில்லை. போன வருடம் 88 தோல்வி, பிரிவில் கடைசி. ஏப்ரலில் எங்கள் விளாடிக்கு (விளாடிமிர் குரேரோ ஜூனியர்) 14 வருடத்துக்கு 500 மில்லியன் டொலர் என்று ஒப்பந்தம் போட்டபோது அப்பா, "ஒரு பனங்காணியும் விடாமல் யாழ்ப்பாணத்தையே வாங்கலாம்" என்றார். ஆனால் அந்தப் பிள்ளை மொன்றியலில் பிறந்தவன். தகப்பன் அங்கே எக்ஸ்போஸுக்கு ஆடிய காலம். அந்த அணி 2004க்குப் பிறகு வாஷிங்ரனுக்குப் போய்விட்டது. நாட்டில் மிஞ்சியது எங்கள் அணி ஒன்றுதான். அவன் இங்கேயே நிற்கிறேன் என்று கையெழுத்து வைத்ததும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. காரணம் உனக்கு விளங்கும், விளக்கமாட்டேன்.

மே வரையும் இழுபறி. பிறகு கனடா தினத்தில் நியூயோர்க் யாங்கீஸுக்கு எதிராக ஸ்பிரிங்கர் இரண்டு ஹோம் ரன் அடித்தான், ஒன்று கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிப்பது, நான்கு ஓட்டம்). அந்த வாரம் நான்கு ஆட்டத்திலும் யாங்கீஸைச் சுருட்டினோம். அன்றிலிருந்து என் கொப்பியில் சிவப்புப் பேனாவுக்கு வேலை குறைந்தது. (வெற்றி நீலம், தோல்வி சிவப்பு. 162 வரி. அப்பா அதைச் சீட்டுக் கணக்கு என்று நினைத்து ஒருதடவை ஒளித்து வைத்தார்.) கடைசி நாளில் எங்களுக்கும் யாங்கீஸுக்கும் சமமாக 94 வெற்றி. எங்களுக்குள் ஆடிய 13 ஆட்டத்தில் 8 எங்களுடையது என்பதால் முதலிடம் எங்களுக்கு. ஏப்ரலிலும் ஜூலையிலும் யாரும் கணக்கெடுக்காத ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டம் செப்ரெம்பர் கடைசியில் வந்து கைகொடுக்கிறது. கிறிக்கெற் மனிதரான அப்பாவுக்கு இதை எத்தனை தரம் சொல்லியும் ஏறவில்லை. "அரை வருடம் தினமும் ஆடுவதற்கு அது விளையாட்டா, உத்தியோகமா?" என்கிறார். உத்தியோகம் போலத்தான். அதனால்தான் எனக்குப் பிடித்தது. நேற்றுத் தோற்றவன் இன்று ஏழு மணிக்கு மறுபடியும் வேலைக்கு வருகிறான்.

ஆனால் ஒக்ரோபரில் தோற்று வெளியேறினால் அந்த மறுநாள் இல்லை. அதுதான் என் மூளையைக் குழப்பியது. மரினர்ஸ் இங்கே வந்து முதல் இரண்டு ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். சியாற்றிலில் நாங்கள் இரண்டைத் திருப்பி எடுத்தோம். ஐந்தாவது ஆட்டத்தில் அவர்களின் சுவாரெஸ் கிராண்ட் ஸ்லாம் அடித்த நேரம் நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். ஒக்ரோபர் முடியும்வரை இந்த வீட்டில் இடியப்பம் இல்லை என்று உரலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அப்பா புட்டோடு சமாளித்தார். அதற்குப் பிறகு இரண்டு ஆட்டத்தையும் வென்றோம். அந்தக் கொந்தளிப்பில்தான் உனக்குத் தொலைபேசி எடுத்தேன்.

இனி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸோடு உலகத் தொடர். மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ். லொஸ் ஏஞ்சலிஸில் அவர்களின் ஃப்ரீமன் அடித்து முடித்தபோது இங்கே விடிய மூன்று மணி ஆகப்போகிறது. அப்பா கதிரையிலேயே குறட்டை. எங்கள் யெசவெஜ் என்ற பொடியன் இளவேனிலில் கீழ்மட்ட அணியில் ஆடிக்கொண்டிருந்தவன், செப்ரெம்பரில்தான் மேலே வந்தான். ஐந்தாவது ஆட்டத்தில் டொட்ஜர்ஸ் ஆட்களைப் பன்னிரண்டு தடவை பந்துபோட்டே அவுட்டாக்கி அனுப்பினான். இருபத்திரண்டு வயது. அவன் தாய் எங்கே இருந்து பார்க்கிறாள் என்றுதான் நான் திரையில் தேடிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 1, சனிக்கிழமை, ஏழாவது ஆட்டம். அப்பா சொன்னார், "ஒக்ரோபர் நேற்றோடு முடிந்தது, இனி இடியப்பம் அவிக்கலாம்." நான் அவித்தேன். எழுதும்போதே கை நடுங்குகிறது. எங்கள் பிஷெட் முழங்காலை இழுத்துக்கொண்டு வந்து அவர்களின் ஓட்டானியின் பந்தில் மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தபோது இடியப்பத்தின் மேல் பழி இல்லை என்றே நினைத்தேன். ஒன்பதாவது இன்னிங்ஸ், நான்குக்கு மூன்று என்று நாங்கள் முன்னால், வெல்ல இன்னும் இரண்டே அவுட். அவர்களின் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்தான். நான்குக்கு நான்கு. எங்கள் முறையில் மூன்று பேஸும் நிரம்பி நின்றது. கைனர்-ஃபலேஃபா ஓடி வந்து சறுக்கினான். ஒரு சாண்கூட இல்லை, விரலளவு. அவுட். பதினோராவதில் அவர்களின் வில் ஸ்மித் ஹோம் ரன் அடித்தான். எங்கள் பக்கம் விளாடி மூன்றாவது பேஸ் வரை வந்து நின்றான். கேர்க்கின் மட்டை உடைந்து, பந்து நேரே அவர்களின் பெட்ஸ் கைக்குச் சுகமாக உருண்டு போனது. இரண்டு பேரும் அவுட். முடிந்தது. விளாடி அங்கேயே நின்றான், ஹோம் பேஸ் என்ற வீட்டுக்குத் தொண்ணூறு அடி.

அன்றிரவுதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளும் இரவு. ஒருவருக்கும் வேண்டாத ஒரு மணித்தியாலத்தை எங்களுக்குக் கூடுதலாகத் தந்தார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் இடியப்பத் தட்டுகளைக் கழுவிவைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை சின்னவள் அழைத்தாள். நீதான் அழைத்துக் கொடுத்தாயா, அவளாகவே எடுத்தாளா தெரியவில்லை. "அப்பம்மா, நீங்கள் அழுதீர்களா?" என்று கேட்டாள். "இல்லை ராசாத்தி, அப்பம்மா ஏன் அழ வேண்டும்?" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் அழுதேன்" என்றாள். அவளுடைய ஏழாவது ஆட்டத்தைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. நான் சத்தம்போட்டபோது பின்னால் கேட்ட அழுகை அதுதான்.

ஐந்து வயதுப் பிள்ளை கேட்கிறாள், அறுபத்துநான்கு வயதுக்காரி பொய் சொல்கிறேன். அதைத்தான் வீடியோவில் சொல்ல முடியவில்லை. மன்னித்துக்கொள், மகன். மருமகளிடமும் சொல். பிள்ளையிடம் நீ சொல்ல வேண்டாம், இதை வாசித்துக் காட்டு: அப்பம்மா அழுதாள். குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, அரை மணித்தியாலம் அழுதாள்.

இந்த வருடப் பிறந்தநாளுக்கு அவளுக்கு நீலச் சட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தேன், விளாடியின் இலக்கம் போட்டது. அதைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் மரினர்ஸ் பிள்ளையாகவே இருக்கட்டும். இரண்டு அணியும் 1977இல் ஒன்றாகத் தொடங்கியவை. எங்களுக்கு இரண்டு கிண்ணம். அவர்கள் 49 பருவத்தில் ஒருதடவைகூட உலகத் தொடருக்குப் போகவில்லை, எல்லா அணிகளிலும் அவர்கள் மட்டும்தான். இந்த வருடம் அவர்களின் ராலி அறுபது ஹோம் ரன் அடித்தும் போகவில்லை. அவளுக்கு இதைவிட நல்ல அணி ஒன்றை நீ பார்த்துக் கொடுத்திருக்கலாம், ஆனால் என் மகன் அல்லவா.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பருத்தித்துறை வடை இரண்டு பை, மருமகளுக்கு மிளகாய்த்தூள், சின்னவளுக்கு ஒரு கொப்பி, நீலமும் சிவப்புமாக இரண்டு பேனா. முதல் பக்கத்தில் கோடு போட்டு, திகதி, எதிரணி, ஓட்டம் என்று தலைப்பு எழுதி வைத்திருக்கிறேன். எழுத்து இன்னும் சரியாக வராது என்றால் மார்ச் வருவதற்குள் இலக்கம் பழக்கிவிடு. சுங்கப் படிவத்தில் வடையின் பெறுமதி என்ன என்று கேட்டார்கள், ஐந்து டொலர் என்று போட்டேன். உடைந்து வந்தால் உடனே சொல்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அங்கே மழையா என்று அப்பா கேட்கிறார்.