டிப்ஸ்டிக் குழாயைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

லாரி பராமரிப்பு பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் 'தினமும் ஆயில் பாருங்கள்' என்று சொல்கிறார்கள். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் போய் உட்காரும் குழாயைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பட்டறையிலும் அதே அலட்சியம்தான். விரிசல் கண்டால் பசையை அப்புகிறார்கள். ஒடிந்தால் நடுவில் ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகிக் கிளிப் போடுகிறார்கள். ஒழுகல் நிற்கும், அளவு கெட்டுவிடும்.

குச்சி எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது குழாயின் வாய் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. குழாய் 10 மி.மீ. கூடுதலாக இறங்கினால் குச்சியும் அதே அளவு கீழே போகும். என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் ஆயில் குறைந்திருந்தாலும் 'ஃபுல்' கோடு வரை நனைந்து வரும். பேரிங் போன பிறகுதான் விஷயம் வெளியே வரும். குழாய் முழுதாக உட்காராமல் 10 மி.மீ. மேலே நின்றால் குறைவாகக் காட்டும், டிரைவர் இன்னும் ஊற்றுவார். அதிகப்படி ஆயிலைச் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கும், பிரஷர் நிற்காது. அந்த ஆயில் பிரீதர் (என்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழி) வழியே, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போய்விட்டால், சாவியை அணைத்த பிறகும் டீசல் என்ஜின் அதையே எரித்துக்கொண்டு ஓடக்கூடும்.

குழாய் ஒடியப் பல நேரம் காரணம், குழாயை என்ஜினோடு பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டில் காணாமல் போன ஒரு போல்ட். வேறு வேலைக்காகக் கழற்றியவர் திரும்பப் போட்டிருக்க மாட்டார். பிடிப்பு இல்லாத குழாய் அதிர்ந்து அதிர்ந்து, பிளாக்கில் நுழையும் இடத்திலோ பிராக்கெட் வெல்டிங் ஓரத்திலோ விரிசல் விடும். ஆனால் குச்சி தானாக மேலே எழும்பி, வாயைச் சுற்றி ஆயில் தெறித்திருந்தால் குழாய் மேல் பழி போடாதீர்கள். பிரீதர் அடைத்திருக்கும், அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்து புளோபை (ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும் எரிந்த வாயு) ஏறியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் புதுக் குழாய் போட்டுப் பயனில்லை.

மாற்றும்போது வண்டி சமதளத்தில், என்ஜின் ஆறி இருக்க வேண்டும். குழாய் ஸ்டார்ட்டர் அருகே இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பிளாக்கில் ஆயில் மட்டத்துக்கு மேலே நுழையும் குழாய்க்கு ஆயில் வடிக்கத் தேவையில்லை; சம்ப்பின் பக்கவாட்டில் நுழைந்தால் வடித்தே ஆக வேண்டும். அடிப்பகுதியைப் பிரஷ், காற்று இரண்டாலும் சுத்தம் செய்யாமல் கை வைக்காதீர்கள், அங்கிருக்கும் மணல் நேராக உள்ளே விழும். பிறகு பிராக்கெட் போல்ட்டைக் கழற்றி, துரு இளக்கும் ஆயில் விட்டு ஊறவைத்து, இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். நெம்பினால் பிளாக்கோடு ஒட்டி ஒடியும்.

ஒடிந்த துண்டை உள்ளே தட்டிவிடுவதுதான் பெரிய தவறு. அதன் உள்விட்டத்துக்குப் பொருந்தும் டேப்பின் (மரை வெட்டும் கருவி) பள்ளங்களில் கிரீஸை அடைத்துத் துண்டில் மரை போடுங்கள். தூள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். மரைக் கம்பியைத் திருகி, துண்டைவிட அகலமான ஒரு புஷ்ஷை (குட்டைக் குழல்) அதன் மேல் நிறுத்தி, வாஷரும் நட்டும் போட்டு, கம்பி சுழலாமல் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கினால் துண்டு மெல்ல மேலேறி வரும். தூள் உள்ளே விழுந்த சந்தேகம் இருந்தால் சம்ப்பைக் கழற்றிப் பார்ப்பதே சரி. சலிப்பான வேலைதான், ஆயில் பம்ப்பை மாற்றுவதைவிடச் சுலபம்.

புதுக் குழாயைப் பழையதன் பக்கத்தில் வைத்து, காலரிலிருந்து (குழாய் எதுவரை இறங்க வேண்டும் என்று நிறுத்தும் வளையம்) வாய் வரை நீளம் ஒன்றா என்று பாருங்கள். என்ஜின் மாடலுக்குரிய பார்ட் நம்பர் அவசியம். 'ஏறக்குறைய அதே மாதிரி' இங்கே செல்லாது. ஓ-ரிங் உள்ளதென்றால் புதியதைப் போட்டு ஆயில் தடவிச் செருகுங்கள். அழுத்தி ஏற்றும் வகையென்றால் துளையையும் குழாயையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உலோகத்துக்கான ரீடெய்னிங் காம்பவுண்டை (பொருத்திய பாகத்தை இறுகப் பிடிக்கும் பசை) மெல்லியதாகத் தடவுங்கள். சிலிக்கான் வேண்டாம், பிதுங்கியது உதிர்ந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயிலுள்ள சல்லடையான ஸ்ட்ரெய்னரை அடைக்கும். தட்டும்போது அடி காலரில் விழ வேண்டும். வாயில் அடித்தால் விளிம்பு நசுங்கிக் குச்சி உட்காராது.

பிராக்கெட் போல்ட்டை முதலில் கையால் மட்டும் மாட்டி, குழாய் உட்கார்ந்த பிறகு முறுக்குங்கள். துளைகள் நேராக வராவிட்டால் பிராக்கெட்டைச் சரிசெய்யலாமே தவிர, குழாயை வளைத்து இழுத்து முறுக்கக் கூடாது. அந்த இழுவிசையே அடுத்த விரிசலுக்கு ஆரம்பம். எக்ஸாஸ்டிலும் வயரிங்கிலும் உரசாமல் இடைவெளி இருக்கட்டும்.

கடைசியாக அளவுச் சோதனை. ஆயில் மாற்றும்போது, ஃபில்டரோடு சேர்த்துக் கையேடு சொல்லும் லிட்டரை அளந்து ஊற்றி, சில நிமிடம் ஐடிலில் ஓட்டி நிறுத்தி, கையேடு சொல்லும் நேரம் பொறுத்துக் குச்சியைப் பாருங்கள். 'ஃபுல்' கோட்டில் நிற்காவிட்டால் குச்சியில் புதுக் கோடு கீறாதீர்கள். குழாய் காலர் வரை இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக் ஒருவர்