முதல் இரண்டு இரவுகளை ஆல்ச்சியில் வையுங்கள்

லடாக் சுற்றுலா நடத்தும் தமிழ்நாட்டுப் பயண அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எங்கள் அம்மா அப்பாவைக் காசிக்கும் கயாவுக்கும் பத்திரமாகக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர்கள் நீங்கள். ரயிலிலேயே சமையல்காரரையும் ஏற்றிக்கொண்டு, கங்கைக்கரையில் ரசம் சாதம் பரிமாறியவர்கள். அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். இப்போது உங்களில் பலர் லடாக்குக்கும் ஆள் சேர்க்கிறீர்கள். அந்தப் பயணத் திட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் கேட்கத்தான் இந்த மடல்: முதல் இரண்டு இரவுகளை, லேயைவிடத் தாழ்வான ஆல்ச்சி என்ற ஊரில் வையுங்கள்.

மூன்று வருடம் முன்பு ஒரு ஜூன் மாதம் நான், அக்கா, அத்தான் மூவரும் இப்படியொரு குழுவில் போனோம். 6 நாள், 5 இரவு. காலையில் டெல்லியில் விமானம் ஏறினோம், ஒன்றரை மணி நேரத்தில் லடாக்கின் முக்கிய ஊரான லேயில் இறங்கினோம். டெல்லி கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம். லே 3,500 மீட்டர். அன்று சாயங்காலமே சாந்தி ஸ்தூபிக்கு ஏற்றிவிட்டார்கள். மறுநாள் 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாயைத் தாண்டி நூப்ரா பள்ளத்தாக்கில் படுக்கை. மூன்றாம் நாள் ஷியோக் ஆற்றை ஒட்டிய சாலையில் பாங்காங் ஏரி. ஏரிக்கரைக் கூடாரத்தில் இரவு. உயரம் ஏறத்தாழ 4,250 மீட்டர்.

அத்தானுக்கு 58 வயது. தினமும் நடப்பவர், சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் கிடையாது. லேயிலேயே தலைவலி தொடங்கிவிட்டது. "எல்லாருக்கும் இருக்கு சார், சரியாயிடும்" என்றார்கள். பாங்காங்கில் சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி எடுத்தார். நடுநிசிக்கு மேல் படுத்தால் மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்தால் விடாத இருமல். அக்கா கற்பூரத்தைக் கைக்குட்டையில் முடிந்து மூக்கருகே பிடித்தபடியே இருந்தாள். ஊரில் எல்லாரும் சொல்லி அனுப்பிய வைத்தியம் அதுதான். கற்பூர வாசனையில் மூக்கு திறந்தாற்போல் இருக்கும், காற்றில் இல்லாத ஆக்சிஜன் அதில் வந்துவிடாது என்பது எங்களுக்கு அன்றைக்குத் தெரியாது. குழுவை நடத்திவந்த தம்பி இரண்டு சின்ன ஆக்சிஜன் கேன்களைக் கொண்டுவந்தான். அவை சில நிமிடங்களில் தீர்ந்தன. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

உயர மலை நோய்க்கு முதல் மருந்து நோயாளியைக் கீழே இறக்குவது. பாங்காங்கிலிருந்து லேக்கு இறங்க வேண்டுமானால் முதலில் ஏறியாக வேண்டும், நடுவில் சாங் லா கணவாய் நிற்கிறது. அதுவும் 5,300 மீட்டருக்கு மேல். உங்கள் வரைபடத்தில் இதை ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள். ஆள் விழுந்தால் சட்டென்று இறக்க முடியாத இடத்தில், பழகாத உடம்புகளை மூன்றாம் இரவே படுக்கவைக்கிறோம். கூடாரக்காரர்களிடம் பெரிய சிலிண்டர் ஒன்று இருந்ததால், விடியுமுன் கிளம்பி, அதன் குழாயை அத்தான் முகத்திலிருந்து எடுக்காமலே கணவாயைத் தாண்டினோம். அந்த ஐந்து மணி நேரத்தை அக்கா இன்றுவரை வாய்விட்டுப் பேசியதில்லை.

நுரையீரலில் நீர் கோத்திருந்தது. லே மருத்துவமனையில் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இங்கே எத்தனை ராத்திரி தூங்கினீர்கள்?" ஒன்று என்றேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். அத்தான் பிழைத்தார்.

லேயின் உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. கர்துங் லாவில் பாதிதான். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் கேட்கும். பகலில் எவ்வளவு உயரம் போய்வந்தோம் என்பதைவிட இரவு எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதே பெரிய விஷயம். 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஒரு இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவர்களின் பொதுவிதி. வந்து இறங்கியவர்கள் 48 மணி நேரமாவது பழகிக்கொள்ள வேண்டும் என்று லடாக் நிர்வாகமும் அறிவுறுத்துகிறது. லே ஹோட்டல் அறையில் இரண்டு நாள் சும்மா உட்காரவைத்தால் "காசு வீண்" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அந்தச் சங்கடம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் ஆல்ச்சியைச் சொல்கிறேன்.

ஆல்ச்சி லேயைவிடத் தாழ்வானது, ஏறத்தாழ 3,100 மீட்டர். விமான நிலையத்திலிருந்து ஸ்ரீநகர் சாலையில் மேற்கே எழுபது கிலோமீட்டருக்குள். வழியில் பெரிய கணவாய் எதுவும் ஏற வேண்டியதில்லை. சிந்து நதி ஓடும் திசையிலேயே போகிறீர்கள். நிம்முவில் சன்ஸ்கார் ஆறு வந்து அதில் கலப்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். லடாக்கின் மிகப் பழைய பௌத்த ஓவியங்களும் இந்தத் தாழ்ந்த பக்கத்தில்தான் இருக்கின்றன.

எங்கள் குழு ஆல்ச்சிக்குக் கொடுத்தது கடைசி நாளில் அரை மணி நேரம். அத்தானுக்குத் துணையாக மருத்துவமனையில் இருந்ததால் நானும் அக்காவும் அதையும் பார்க்கவில்லை. போன வருடம் ஜூலைக் கடைசியில் நாங்கள் இருவர் மட்டும் தனியாகப் போய், விமானத்திலிருந்து இறங்கியதும் நேரே ஆல்ச்சிக்கு வண்டி பிடித்தோம். ஆப்ரிகாட் பழுத்து வீட்டு மாடிகளில் காய்ந்துகொண்டிருந்தது. முதல் நாள் முழுக்கத் தூக்கமும் வெந்நீரும்தான். லேசாகத் தலை வலித்தது, மறுநாள் விட்டது.

இரண்டாம் நாள் காலை சும்ட்செக் கோயிலுக்கு மெதுவாக நடந்தோம். சும்ட்செக் என்றால் மூன்றடுக்கு. மண்சுவர், முகப்பில் காஷ்மீரத் தச்சரின் மரவேலை. லிக்கிர் மடத்து லாமாக்களின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே வாசல் வெளிச்சம் மட்டும்தான், கண் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பழகியபின் மூன்று பக்கமும் ஆளுயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேலான மூன்று போதிசத்துவர்கள், அதாவது புத்த நிலையை நோக்கிப் போகும் அருளாளர்கள், சிலையாக நிற்பது தெரியும். தலைகள் மேல்தளம்வரை எட்டும். அவர்கள் உடுத்தியிருக்கும் வேட்டியைப் பாருங்கள். மைத்ரேயர் வேட்டியில் புத்தரின் வாழ்க்கை, மஞ்சுஸ்ரீ வேட்டியில் சித்தர்கள், அவலோகிதேஸ்வரர் வேட்டியில் கோயில்களும் அரண்மனைகளுமாக ஒரு நகரம். விதானப் பலகைகளில் துணி விரித்தாற்போல் ஓவியம். அக்கா அண்ணாந்து பார்த்தவள், "சுங்குடிடி" என்றாள். 800 வருடப் பழைய வண்ணம். காஷ்மீரத்தில் இப்படித் தீட்டிய கைகளின் வேலை அங்கேயே அழிந்துபோய்விட்டது. அதைப் பார்க்க இங்கேதான் வரவேண்டும்.

உங்கள் வழிகாட்டிகள் எல்லாச் சிலையையும் "புத்தர்" என்று காட்டிவிட்டு நகர்கிறார்கள். தமிழ்க் குழுவுக்கு அவர்கள் சொல்ல ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கணம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதனிடம் என்கிறது. அந்த அவலோகிதன்தான் இவர். சும்ட்செக்கில் அவர் காலடியில் நின்று இதை அக்காவிடம் சொன்னபோது அவள் செருப்பில்லாத கால்களைச் சேர்த்து நின்று கும்பிட்டாள். உள்ளே படம் எடுக்கக் கூடாது, ஆகவே காட்ட என்னிடம் எதுவுமில்லை.

சாயங்காலம் ஸ்தூபிகளை வலம் வரலாம், நம் பிராகாரம் சுற்றுகிற திசைதான். லேக்குத் திரும்பும் வழியில் பாஸ்கோவின் மண்கோட்டையும் மைத்ரேயர் கோயில்களும் இருக்கின்றன. ஊர்க்காரர்களே முன்னின்று அவற்றை மீட்டதற்கு 2007இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது.

திட்டம் இப்படி அமையலாம். முதல் இரண்டு இரவு ஆல்ச்சி. மூன்றாம் இரவு லே. அன்று திக்சே மடம் பார்க்கலாம். நான்காம் இரவு நூப்ரா. பாங்காங் ஐந்தாம் நாள். ஏரியைப் பகலில் பார்த்துவிட்டு, அதைவிடத் தாழ்வான தாங்ட்சேயில் தூங்கவைத்தால் இன்னும் நல்லது. ஆறாம் இரவு லே. எங்கள் திட்டத்தைவிட ஒரே ஒரு இரவுதான் கூடுகிறது. அதற்கும் வழியில்லை என்றால் நூப்ராவை விட்டுவிடுங்கள், ஆல்ச்சியை விடாதீர்கள்.

விமான நிலையத்தில் எல்லார் கையிலும் உயர மலை நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை மிட்டாய்போல் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். அவரவர் மருத்துவரிடம் ஊரிலேயே கேட்டுவரச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று ஒவ்வொரு இரவும் ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்க, கூடப்போகும் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் ஊர் லே. தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம் என்பதையும் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அத்தான் மறுபடி லடாக் போகவேண்டும் என்கிறார். பாங்காங் வேண்டாம், அந்த வேட்டியைப் பார்த்தால் போதுமாம். நுரையீரல் மருத்துவர் இன்னும் சரி சொல்லவில்லை. அவர் சரி சொல்லும் வருடத்தில், முதல் இரவை ஆல்ச்சியில் வைத்து உங்களில் யாராவது திட்டம் போட்டிருந்தால், எங்கள் மூவருக்கும் இடம் ஒதுக்கி வையுங்கள்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஒரு பயணி